பெஞ்சில் எத்தனை பேர்?

நசரத்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் காதைப் பிடிப்பது பெங்களூர் நெடுஞ்சாலையின் இரைச்சல். கன்டெய்னர் லாரிகள், கல்லூரி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள்... பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற சக்கரமெல்லாம் இந்த வழியாகத்தான் உருள்கின்றன. அந்த இரைச்சலை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு மைதானம். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இரண்டு இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு இடையே கால்பந்து மேட்ச். என் அக்கா மகன் ஒரு அணியில் இருக்கிறான். ‘மாமா, கண்டிப்பா வரணும்’ என்று மூன்று தடவை போன் செய்திருந்தான். போனேன்.

போனால், பயல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்! அவனோடு இன்னும் ஆறு பேர். ஆக மொத்தம் ஏழு மாற்று ஆட்டக்காரர்கள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ரிடையர் ஆனவராம். அந்தக் காலத்தில் ஃபேக்டரி டீமில் ஃபுல் பேக் ஆடியிருக்கிறார். ‘பரவால்லையே சார், பெஞ்ச்ல ஏழு பேரு இருக்காங்க. நல்ல டீம்தான் போல’ என்றேன், என்னமோ எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘ஏழு பேர்ல பேக் ஆடத் தெரிஞ்சவன் எத்தினி பேரு தம்பி?’ என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்?

அறுபத்தைந்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. நம்ம பசங்க ஒன்றுக்கு பூஜ்யம் என்று முன்னிலையில் இருக்கும்போது, வலது பக்கத் தடுப்பாட்டக்காரனுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு என் அக்கா மகனைக் கூப்பிட்டார். பயல் ஃபார்வர்டு. கோல் அடிக்கப் பழகியவன். தடுக்கப் பழகியவன் இல்லை. எதிரணிக்குக் கண் இல்லையா என்ன? அடுத்த இருபது நிமிஷமும் எல்லாப் பந்தும் அவன் பக்கமாகவே வந்தது. இரண்டு கோல். ஆட்டம் குளோஸ்.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் பூந்தமல்லி வரைக்கும் வாயே திறக்கவில்லை. சிக்னலில் நின்றபோது முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது: ‘மாமா, நான் பேக் ஆடினதே இல்ல மாமா.’

அந்த ஒரு வரிதான் இந்த வாரக் கட்டுரை.

நான் பி.காம். படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அடிக்கடி சொல்லிக் காட்டுகிறேன் என்று சில வாசகர்கள் கோபித்துக்கொண்டு கடிதமும் போட்டாயிற்று. மன்னிக்கவும், இன்றைக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைக் கையில் கொடுத்தால் கற்றுக்குட்டி சொத்து மதிப்பைப் பார்ப்பான். விவரம் தெரிந்தவன், அதில் எவ்வளவு நாளைக்குக் காலையில் ரொக்கமாகும் என்று பார்ப்பான். கோடி ரூபாய்க்கு நிலம் இருக்கலாம். வெள்ளிக்கிழமை சம்பளம் போட முடியாவிட்டால் அந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நசரத்பேட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் சொத்துதான். அவசரத்துக்கு மாற்ற முடியாத சொத்து!

இந்தக் கணக்கைத் திருவிழா மாதிரி போட்டுப் பார்க்கிற தேசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்றால் நம்முடைய கால்பந்து கிடையாது. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கையில் தேங்காய் மாதிரி நீண்ட பந்து. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், வீசிப் பிடிப்பார்கள். அங்கேயும் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். தடுக்கிற அணி அடுக்கடுக்காக நிற்கும். கடைசி அடுக்குக்கு ‘செகண்டரி’ என்று பெயர். வழக்கமாக அதில் நாலு பேர்: ஓரங்களில் இரண்டு கார்னர்பேக், பின்னால் இரண்டு சேஃப்டி. இவர்களைத் தாண்டினால் அப்புறம் வெறும் புல்தரைதான். முன்வரிசையில் ஒருவன் தப்பு செய்தால் பின்னாலிருப்பவன் காப்பாற்றுவான். செகண்டரியில் தப்பு நடந்தால் காப்பாற்ற ஆளில்லை, ஸ்கோர் போர்டுதான் மாறும்.

எதிரணி பந்தைப் பிடிக்க அதிக ஆட்களை அனுப்பினால் இவர்களும் பின்னால் ஒரு ஆளைக் கூட்டுவார்கள். அந்த ஐந்தாவது ஆளுக்குப் பெயர் ‘நிக்கல்’. அமெரிக்காவில் ஐந்து சென்ட் நாணயத்துக்கு நிக்கல் என்று பெயர். ஆறாவது ஆளையும் கொண்டுவந்தால்? ஐந்துக்கு அடுத்த பெரிய நாணயம் பத்து சென்ட், அதன் பெயர் ‘டைம்’. ஆகவே அந்த ஏற்பாட்டுக்கு டைம் என்று பெயர். ஆட்டக்காரர்களைச் சில்லறையாக எண்ணுகிற ஊர்! பி.காம். காரனுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

ஒவ்வொரு சீசன் தொடங்குவதற்கு முன்பும் அங்கே கல்லூரி அணிகளின் செகண்டரியை ஆராய்ந்து பக்கம் பக்கமாக எழுதுவார்கள். போன வருஷம் ஆடியவர்களில் எத்தனை பேர் மிச்சம்? யார் எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறார்கள்? முதல் ஆள் விழுந்தால் இரண்டாவது யார், மூன்றாவது யார்? இதற்கென்று ‘டெப்த் சார்ட்’ என்று ஒரு பட்டியலே உண்டு. எத்தனை ஆழம் என்று அளந்து பார்க்கிற பட்டியல்.

கல்லூரி அணிக்கு ஏன் இவ்வளவு கவலை? யோசித்தால் விஷயம் எளிது. கிளப் அணியில் நல்ல தடுப்பாட்டக்காரன் கிடைத்தால் பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் முடியுமா? முதல் வருஷம் வருகிறான், இரண்டாம் வருஷம் பழகுகிறான், மூன்றாம் வருஷம் மிளிர்கிறான். நாலாம் வருஷம் ப்ராஜெக்ட், இன்டர்வியூ என்று அலைகிறான். அப்புறம் டாட்டா. அவன் சேர்த்து வைத்த அனுபவமும் அவனோடு கேட்டைத் தாண்டிப் போய்விடும். கணக்குப் பாஷையில் இது தேய்மானம். மெஷின் வாங்கிய அன்றைக்கே அது தேயும் என்று தெரிந்து வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறவன்தான் முதலாளி. ஒதுக்காதவன், மெஷின் நின்ற அன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான்.

அமெரிக்கக் கதை போதும். இந்த ஆழம், அனுபவம் இரண்டுக்கும் நம் நாட்டிலேயே ஒரு பிரமாதமான பாடம் இருக்கிறது. ஒரே தலைமுறைக்குள் நடந்த இரண்டு கதைகள். ஒன்றில் அனுபவம் காலை வாரியது. இன்னொன்றில் ஆழம் கப்பலைக் கரை சேர்த்தது.

முதலில் காலை வாரிய கதை.

1951 மார்ச். டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். கால்பந்து இறுதியில் ஈரானை ஒன்றுக்கு பூஜ்யம் என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. கோல் அடித்தவர் மேவாலால். அணியின் கேப்டன் சைலேன் மன்னா, மோகன் பகான் கிளப்பின் ஃபுல் பேக். தடுப்பாட்டத்துக்கே தலைவர். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸிலும் ஆடியவர். ‘அனுபவம்’ என்ற தலைப்பில் அவருக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

அதே மன்னா தலைமையில் 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸுக்குப் போனார்கள். முதல் ஆட்டமே யூகோஸ்லாவியாவோடு. முடிவு என்ன தெரியுமா? பத்துக்கு ஒன்று. நமக்கு ஒன்று, அவர்களுக்குப் பத்து!

பதினாறே மாதத்தில் தங்கம் வாங்கிய அணிக்கு என்ன ஆயிற்று? ஆட்டம் மறந்துவிட்டதா? இல்லை. நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். கொல்கத்தாவின் காய்ந்த மண்ணில் வெறுங்காலுக்கு இருக்கிற லாவகமே தனி. ஹெல்சிங்கியில் குளிர், வழுக்குகிற புல்தரை. எதிரே பூட்ஸ் போட்ட ஐரோப்பியர்கள். இந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் கட்டாயமாக்கியது.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்தில் கொல்கத்தா லீகில் ஒரு மேட்ச் என்பது எழுபது நிமிஷம். சர்வதேச ஆட்டம் தொண்ணூறு நிமிஷம். நூறு மேட்ச் ஆடிய அனுபவசாலி என்று நாம் ஒருவரைச் சொன்னால், அந்த நூறிலும் அவர் எழுபத்தோராவது நிமிஷத்தைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்! தடுப்பாட்டக்காரனுக்குக் கால் கனக்க ஆரம்பிப்பதே அந்த நேரத்தில்தானே?

மன்னாவைக் குறை சொல்லவில்லை. அவர் பெரிய ஆட்டக்காரர். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ‘இவனுக்கு அஞ்சு வருஷ அனுபவம்’ என்று யாராவது சொன்னால் உடனே மயங்கிவிடாதீர்கள். எதில் அனுபவம், எந்த மண்ணில், எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். உள்ளூர் பாங்கில் கணக்கு வைத்திருப்பவன் வெளியூர் கடையில் செக் நீட்டின கதைதான் ஹெல்சிங்கி. பணம் இருந்தது, செல்லவில்லை.

இனி கரை சேர்த்த கதை.

ஹைதராபாத்தில் சையது அப்துல் ரஹீம் என்று ஒருவர். ‘ரஹீம் சாஹிப்’ என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை எடுத்துப் பழக்கினார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நாம் நாலாவது இடம் பிடித்தோமே, அப்போதும் அவர்தான். 2024-ல் வந்த ‘மைதான்’ இந்திப் படத்தில் அஜய் தேவ்கன் நடித்தது இவராகத்தான்.

1962 ஆகஸ்ட். ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். ரஹீம் கொண்டுபோன பின்வரிசையைக் கொஞ்சம் தணிக்கை செய்து பார்ப்போமா?

கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். நம்ம ஆள். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். ஆறடியைத் தாண்டிய உயரம். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடி, 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை அந்த அணி ஜெயிக்கக் காரணமாக இருந்தவர். மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்ஸ் பார்த்தவர். இதில் வேடிக்கை, மனுஷன் ஆட ஆரம்பித்தது சென்டர் ஃபார்வர்டாக! கோல் அடிக்கிறவன் மனசு எப்படி வேலை செய்யும் என்று கோல் காக்கிறவருக்குத் தெரியும்.

நடுவே ஸ்டாப்பர், ஜர்னைல் சிங். பஞ்சாப் மாஹில்பூரின் கால்சா கல்லூரியில் ஆடி வந்தவர். கல்லூரிக் கால்பந்து நாட்டுக்குக் கொடுத்த பெரிய சொத்து என்று இவரைத் தாராளமாகச் சொல்லலாம். மோதினால் பாறையில் மோதின மாதிரி இருக்கும் என்பார்கள். வலது பக்கத்தில் கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து வந்த ஓ. சந்திரசேகர். கூடவே அருண் கோஷ், திரிலோக் சிங். தங்கராஜ், ஜர்னைல், சந்திரசேகர், அருண் கோஷ் நாலு பேருமே 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் அணியில் இருந்தவர்கள். அங்கே பலம் பொருந்திய ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள், பிரான்ஸோடு ஒன்றுக்கு ஒன்று டிரா. ஹெல்சிங்கியின் பத்துக்கு ஒன்றையும் ரோமின் இரண்டுக்கு ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது செல்லுபடியாகும் அனுபவம். பூட்ஸ் போட்ட அனுபவம், தொண்ணூறு நிமிஷ அனுபவம்.

சரி, அனுபவம் ஓகே. ஆழம்?

அதற்கான பரீட்சை அடுத்தடுத்து வந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இரண்டுக்கு பூஜ்யம் என்று தோல்வி. அடுத்தது தாய்லாந்து. நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். ஆனால், ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. இடையில் தங்கராஜ் வேறு காய்ச்சலில் படுத்துவிட்டார். கோல்கீப்பரும் போச்சு, ஸ்டாப்பரும் போச்சு! ஒரு கம்பெனியில் கேஷியரும் மேனேஜரும் ஒரே வாரத்தில் லீவு போட்ட கதை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றுகிற வசதி அன்றைக்குக் கிடையாது. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரரை 1970-ல்தான் இறக்க விட்டார்கள். இன்றைக்கு ஒரு மேட்சில் ஐந்து பேரை மாற்றலாம். அன்றைக்கு உள்ளே போன பதினோரு பேர்தான். ஒருவன் விழுந்தால் மிச்சம் பத்து பேர் ஓட வேண்டும். அதனால் ஆழம் என்பது பெஞ்சில் இருக்க முடியாது. அந்தப் பதினோரு பேருக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

ரஹீம் என்ன செய்தார்? கோலில் பிரத்யோத் பர்மனை நிறுத்தினார். பர்மன் சொதப்பவில்லை. ஜர்னைல் விட்ட நடு இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார். ஜப்பானை இரண்டுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். முதல் தர ஸ்டாப்பர் இல்லாத ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை! என்னைக் கேட்டால் அந்தத் தங்கத்தின் பாதி எடை இந்த ஒரு ஆட்டத்தில் இருக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அரையிறுதி, தெற்கு வியட்நாமோடு. ஜர்னைல் தலையில் கட்டோடு ஆடத் தயார். ஆனால், ஸ்டாப்பர் வேலை முழுக்கத் தலையால் முட்டுகிற வேலை. தையல் பிரிந்தால் என்ன ஆவது? அந்த மனுஷர் கல்லூரி நாட்களில் முன்வரிசையிலும் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார். போன வேகத்தில் ஒரு கோல் அடித்தார் ஜர்னைல். மூன்றுக்கு இரண்டு என்று இறுதிக்குப் போயாயிற்று.

1962 செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரே முதல் நாள் தோற்கடித்த அதே தென்கொரியா. ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் நமக்கு எதிராக. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு அனுமதிக்காததை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபம். இந்தியத் தூதரகத்தின் மீதே கும்பல் பாய்ந்தது. நம் தேசிய கீதம் ஒலித்தபோது மைதானம் முழுக்கக் கூச்சல். கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியது யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள்.

காய்ச்சலிலிருந்து எழுந்துவந்த தங்கராஜை ரஹீம் கோலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். கொரியர்கள் உயரத்தில் பந்து போடுகிறவர்கள், இவருடைய உயரம் தேவைப்பட்டது. திரிலோக் சிங் கால் விரல் காயத்தோடு ஆடினார். ஜர்னைல் மறுபடியும் முன்வரிசையில். பதினேழாவது நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி ஒன்று. இருபதாவது நிமிஷத்தில் ஜர்னைல் சிங் ஒன்று. தலையில் தையல் போட்ட தடுப்பாட்டக்காரன், ஆசிய இறுதியில், கோல்!

அப்புறம் மிச்சமெல்லாம் பின்வரிசையின் வேலை. எழுபது நிமிஷம் முட்டுக்கொடுத்து நின்றார்கள். கொரியாவால் எண்பத்தைந்தாவது நிமிஷத்தில் ஒன்றுதான் திருப்ப முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. தங்கம்.

அந்த நேரத்தில் ரஹீம் சாஹிப்பின் உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் இரவு பையன்களிடம், ‘எனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்கு ஜெயித்துக் கொடுங்கள்’ என்ற மாதிரி கேட்டார் என்பார்கள். கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ம் தேதி, அவர் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமாதான். ஆனால், கணக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கம் என்று ஒன்று உண்டே!

1964-ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் முதல் சுற்றோடு பெட்டி கட்டினோம். 1970-ல் வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணிக்குக் கால்பந்துப் பதக்கமே இல்லை. 1960 ரோம்தான் நாம் ஆடிய கடைசி ஒலிம்பிக்ஸ் கால்பந்து. 2024 பாரீஸ் வரைக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

இதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். மற்ற நாடுகள் முன்னேறின. நாம் நின்ற இடத்திலேயே நின்றோம். உண்மைதான். ஆனால், ஒரு கணக்குப்பிள்ளையாக எனக்கு ஒன்று உறுத்துகிறது. அந்த அணி ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்து, ஒன்றாகவே வயதான அணி. பலராம் 1963-லேயே உடல்நலக் குறைவால் ஒதுங்கினார். கேப்டன் சுனி கோஸ்வாமி முப்பது வயதாவதற்குள் 1964-ல் விடைபெற்றார். ஜர்னைல் 1960-களின் பிற்பகுதி வரை தாக்குப்பிடித்தார். இவர்களுக்குப் பின்னால் யார் என்கிற பட்டியல், தயாராக, பழக்கப்பட்டு, எங்கே இருந்தது?

இந்த ஸ்டாப்பரை ஃபார்வர்டாக அனுப்பலாம், அவனுடைய இடத்தில் இவனை நிறுத்தலாம் என்கிற கணக்கு எல்லாம் ரஹீம் என்கிற ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது என்று நினைக்கிறேன். அவர் போனபோது அணி மட்டும் மிஞ்சியது. லெட்ஜர் அவரோடு போய்விட்டது. ஒரு தலைமுறை சேர்த்த சேமநிதியை எடுத்து எடுத்துச் செலவழித்தோம். திரும்பப் போட மறந்தோம்.

அன்பான வாசகரே, உங்கள் மகனோ மகளோ, தம்பியோ தங்கையோ ஒரு கல்லூரி அணியில் ஆடுகிறார்கள் என்றால் அடுத்த சீசனுக்கு முன்னால் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பின்வரிசையில் ஃபைனல் இயர் எத்தனை பேர்? நாலில் மூன்று பேர் என்றால் இந்த வருஷக் கோப்பைக்குச் சந்தோஷப்படுங்கள், அடுத்த வருஷத்துக்கு இப்போதே பயப்படுங்கள்.

நடுவில் நிற்கிற இரண்டு பேர் சேர்ந்து எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறார்கள்? தனித்தனியாக இருபது மேட்ச் ஆடியவர்களைவிட, சேர்ந்து பத்து மேட்ச் ஆடியவர்கள் மேல். யார் முன்னால் போவது, யார் பின்னால் நிற்பது என்று கண் ஜாடையிலேயே தெரிந்திருக்கும். இது பயிற்சியில் வருவதைவிட, இரண்டு பேரும் சேர்ந்து வாங்கின கோல்களில்தான் அதிகம் வரும்.

இரண்டாவது கோல்கீப்பர் கடைசியாக எப்போது ஒரு முழு மேட்சுக்கு நின்றான்? பர்மனைப் போல ஒருவன் இருக்கிறானா, அல்லது தண்ணீர் பாட்டில் தூக்குகிறவன்தான் இரண்டாவது கோல்கீப்பரா? நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிற சுலபமான மேட்சில்கூட அவனை இறக்காத அணி நிறைய உண்டு. அவன் முதல் தடவையாகக் களத்தில் கால் வைக்கிற நாள் இறுதி ஆட்டமாக இருந்தால் அது அவன் குற்றமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு இடத்துக்கு மேல் ஆடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள காசு வேண்டாம், வெளிநாட்டுக் கோச் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஃபார்வர்டுகளைப் பின்னால் நிறுத்தி, பின்னால் இருப்பவர்களை முன்னால் அனுப்பினால் போதும். நோட்டுப் புத்தகத்தில் யார் எங்கே தேறினார்கள் என்று எழுதி வைத்தால், கோச் மாறினாலும் கணக்கு மிஞ்சும்.

இந்தக் கேள்விகள் கால்பந்துக்கு மட்டும்தானா என்று கேட்பீர்கள். உங்கள் ஆபீஸில் சம்பள பில் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றால், அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிற மாதம் உங்களுக்கே விடை தெரியும்.

நசரத்பேட்டைக்குத் திரும்பி வருகிறேன். தோற்ற அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில் பயல் சாப்பிடவில்லையாம். ‘நான்தான் டீமைக் கவுத்துட்டேன்’ என்று ஒரே புலம்பலாம். நான் போன் போட்டு ஜகார்த்தா கதையைச் சொன்னேன். ஜர்னைல் சிங் முன்னால் போனார், நீ பின்னால் போனே, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். பயல் விவரமானவன். ‘அவருக்கு முன்னாடியே ஆடத் தெரியும் மாமா, எனக்குத் தெரியாது’ என்றான். பதில் சொல்ல முடியவில்லை. இருபது நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கிய பத்தொன்பது வயதுப் பையன், நான் மூன்று பக்கத்தில் எழுதுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

போன வாரம் அவனே கூப்பிட்டான். மைதானத்துப் பெரியவர் நினைவிருக்கிறதா, ஆவடிக்காரர்? தினமும் சாயங்காலம் வாக்கிங் வருகிறவராம். பயல் நேராக அவரிடம் போய், ‘பேக் ஆடக் கத்துக் குடுப்பீங்களா?’ என்று கேட்டிருக்கிறான். செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் பந்தையே தொட விடவில்லையாம். எதிராளியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகருவது எப்படி என்று மட்டும் ஒரு மணி நேரம்.

‘கால் ரெண்டும் கழண்டு போச்சு மாமா’ என்றான். குரலில் வருத்தம் இல்லை. கூடவே இன்னும் இரண்டு பேர் வருகிறார்களாம். இரண்டு பேரும் அன்றைக்குப் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.